தாடி முளைக்காத மண்டலம்

மாலை போட்ட ஆம்பிளையை ஊர் கண்டுபிடிப்பது தாடியை வைத்துத்தான். உள்ளே பக்தி எவ்வளவு இருக்கிறது என்பது ஐயப்பனுக்கு மட்டும் தெரிந்த விஷயம். தாடி தெருவுக்கே தெரியும். கார்த்திகை முதல் தேதி மழித்துக் குளித்துவிட்டு மாலை போட்டால், மாசம் முடிவதற்குள் கன்னம் இரண்டும் புதராகிவிட வேண்டும். தணிகாசலத்துக்குப் போன வருஷம்வரை அப்படித்தான் ஆனது. இந்த வருஷம் மார்கழி பிறந்தும் முகம் கத்தரிக்காய் போல வழவழவென்று இருந்தது. மோவாயில் மட்டும் நாலு பூனைமயிர்.

அவனுக்கு மட்டும் என்றால் உடம்பு வாகு என்று விட்டுவிடலாம். கம்பெனியிலிருந்து மாலை போட்ட பையன்கள் அத்தனை பேருக்கும் அதே கதி. அவர்களில் கேலிக்காரனான லோகு ஒருநாள் பஜனைக் கொட்டகையில் எல்லார் முகத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன சாமிகளா, நாம மலைக்குப் போறோமா, மாப்பிள்ளை அழைப்புக்குப் போறோமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். லோகுவுக்குத் தை பிறந்ததும் நிஜமாகவே கல்யாணம். அதனால் சிரிப்பு கொஞ்சம் கூடவே வந்தது.

ஒருத்தருக்கு மட்டும் தாடி வஞ்சனை இல்லாமல் வளர்ந்திருந்தது. குருசாமி ஆதிகேசவன். கம்பெனியில் பாதுகாப்பு மேற்பார்வையாளர், ஐம்பதைத் தாண்டியவர், வருஷா வருஷம் எல்லோரையும் மலைக்குக் கூட்டிப் போகிறவர். அவர் தாடி கன்னம் மறைய அடர்ந்திருந்தது. "குருசாமி விரதம் சுத்தம். நம்மகிட்டதான் எங்கேயோ குறை" என்று பையன்கள் பேசிக்கொண்டார்கள். பாவம், வேறு எப்படிப் பேசுவார்கள்? நம் ஆட்களுக்கு உடம்பில் எது வந்தாலும் முதலில் சாமிகுத்தம், அப்புறம்தான் டாக்டர்.

அந்தக் கம்பெனியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பழவேற்காடு ஏரிக்கு மேற்கே புதிதாக முளைத்த தொழிற்பேட்டையில் இருந்தது. ரோட்டில் டிரைவர் இல்லாத வண்டிகள் ஓட ஆரம்பித்த காலம். வண்டிக்கு பேட்டரி வேண்டும், பேட்டரிக்குள் ஒரு சவ்வு வேண்டும், சவ்வை இளக்க ஒரு திரவம் வேண்டும். அந்தத் திரவத்துக்கு கம்பெனி வைத்த பெயர் ஒரு முழ நீளம். ஆட்கள் 'பாயசம்' என்று சொல்லிவிட்டார்கள். கொதிக்கும்போது ஏலக்காய் வாசம் வரும், அதனால்.

பாயசம் உடம்புக்கு ஆகாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். முக்கியமாக ஆம்பிளை உடம்புக்கு. வடக்கே எங்கேயோ ஒரு ஆலையில் வேலை பார்த்தவர்களுக்குச் சுரப்பு வற்றிப்போய், குரல் மெலிந்து, எலும்பு தேய்ந்து, பெரிய கலவரமே ஆனதாம். அதற்கப்புறம்தான் சர்க்கார் பிளாஸ்திரி சட்டம் கொண்டுவந்தது. வேலைக்குச் சேரும் அன்றே மேல்கையில் ஒட்டிவிடுவார்கள். ஒரு ரூபாய்க் காசு அகலம், நடுவில் விளக்கு மாதிரி எரியும் ஒரு பச்சைப் புள்ளி. வியர்வையை உறிஞ்சி, ஆம்பிளைக்கு ஊற வேண்டிய சுரப்பு சரியாக ஊறுகிறதா என்று விடாமல் அளந்துகொண்டே இருக்கும். குறைந்தால் புள்ளி சிவக்கும். சிவந்தால் ஆளை வெளியே எடுக்க வேண்டும், ஆலையை மூட வேண்டும்.

இந்தக் கம்பெனியில் ஒருநாளும் யாருக்கும் சிவந்ததில்லை. "எங்க கம்பெனி சுத்தம்" என்று ஆட்களே டீக்கடையில் பெருமை பேசினார்கள்.

பின்னே மாலை போட்டவர்கள் அதை எதற்காகக் கழற்றினார்கள் என்றால், பசைக்காக. பிளாஸ்திரிப் பசை மாட்டெலும்பிலிருந்து எடுத்தது என்று இந்த வருஷம்தான் யாரோ படித்துவிட்டு வந்து சொன்னான். தோல் செருப்பே போடக்கூடாத விரதத்தில் மாட்டெலும்பை மேலே ஒட்டிக்கொண்டு திரிவதா? ஆதிகேசவன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். "பக்தி மனசுல இருக்கு சாமி, பசையில என்ன இருக்கு?" என்றார். தணிகாசலம்தான் ஒரே பிடியாக நின்றான். அவன் வேண்டுதல் அப்படி. கல்யாணமாகி எட்டு வருஷம், கம்பெனியில் சேர்ந்தும் எட்டு வருஷம், வீட்டில் தொட்டில் ஆடவில்லை. இந்த வருஷ மாலையே பிள்ளை வரத்துக்காகப் போட்டது. விரதத்தில் ஒரு பொட்டுக் குறைகூட இருக்கக்கூடாது என்று நினைத்தான். மேனேஜர் முகம் சுளித்தார், யோசித்தார், கடைசியில் தகராறு வேண்டாம் என்று மாலை போட்டவர்களைப் பாயசம் இல்லாத பேக்கிங் பக்கம் மாற்றிவிட்டார். மலைக்குப் போய் வந்ததும் மறுபடி ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று பேச்சு.

கழற்றிய பிறகு உடம்பு விசித்திரம் காட்ட ஆரம்பித்தது. மார்கழிக் குளிரில் குப்பென்று வேர்த்தது. அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. பஜனையில் கண்ணீர் வந்தது. பஜனையில் வந்தால் பக்தி என்று சொல்லலாம். சுகந்தி தட்டில் ரசம் ஊற்றும்போது வந்தால் என்னவென்று சொல்வது?

"என்ன சாமி, காரமா?" என்றாள் சுகந்தி. மாலை போட்டதிலிருந்து பெண்டாட்டிக்கும் அவன் சாமிதான்.

"ஒண்ணுமில்ல. சும்மா வருது."

அவள் அவன் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். ஏதோ கேட்க வந்தவள் மாதிரி இருந்தது. கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கும் ஊரிலிருந்து அம்மா போன் செய்திருந்தாள். வழக்கமான பாட்டுதான். பக்கத்து வீட்டில் இரண்டாவது பேரன், எதிர்வீட்டில் காதுகுத்து, நம் வீட்டில்தான் ஒரு காய்க்காத மரத்தைக் கொண்டுவந்து நட்டுவிட்டோம். ஸ்பீக்கர் சத்தம் அடுப்படிவரை கேட்கும். தணிகாசலம் எப்போதும்போல "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுவிட்டு வைத்தான். சுகந்தி வருஷக்கணக்காகக் கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் போய் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு வருகிறாள். அந்த ஆஸ்பத்திரியை ஏற்பாடு செய்து கொடுத்ததே ஆதிகேசவன்தான். அதற்காக அவன் அவர் காலில் விழாத குறை.

விஷயம் வெளியே வந்தது குளக்கரையில். விடிவதற்கு முன்னால் எல்லோரும் கோயில் குளத்தில் முழுக்குப் போடுவார்கள். ஆதிகேசவன் மட்டும் எல்லோரும் கரையேறின பிறகு, தள்ளி இருக்கும் படித்துறையில் தனியாக முங்குவார். குருசாமி மந்திரம் சொல்கிறார் என்று யாரும் கிட்டே போவதில்லை. அன்று தணிகாசலம் துண்டை மறந்துவிட்டுத் திரும்பி வந்தான். அவர் படியேறிக்கொண்டிருந்தார். ஈர வேட்டி தொடையோடு ஒட்டியிருந்தது. கறுப்பு வேட்டிக்குள்ளிருந்து ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது.

முதலில் மின்மினி என்று நினைத்தான். அப்புறம் புரிந்தது.

"சாமி, நீங்க கழட்டலையா?"

ஆதிகேசவன் வேட்டியைச் சட்டென்று இழுத்து மடித்தார். "வயசாச்சு சாமி. கழட்டின ரெண்டாம் நாளே நெஞ்சு படபடன்னு வந்துடுச்சு. அதான். ஐயப்பன் மன்னிப்பார்."

தணிகாசலம் அவர் தாடியைப் பார்த்தான். தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். ஈரம் சொட்டும் அந்தத் தாடியிலிருந்து அவனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"அது அளக்கற மிஷின்தானே சாமி? அளக்கறதுக்கும் தாடிக்கும் என்ன சம்பந்தம்?"

ஆதிகேசவன் துண்டைப் பிழிந்தார். பிழிந்த துண்டையே மறுபடி பிழிந்தார்.

"சொல்லுங்க சாமி. நான் போய் லோகுவைக் கூட்டிட்டு வந்தப்புறம் சொல்றீங்களா, இப்பவே சொல்றீங்களா?"

"உக்காரு" என்றார். சாமி போய் ஒருமை வந்துவிட்டது. "அளக்கறதும் அதுதான், ஊத்தறதும் அதுதான். குறைஞ்சா அதுவே உள்ள ஊத்தும். ஊத்தினா அளவு சரியா காட்டும். பச்சை எரியும்."

"என்னாத்தை ஊத்தும்?"

"ஆம்பிளைச் சுரப்பை. மருந்தா."

பாலில் தண்ணீர் கலக்கிறவன் கையிலேயே பால்மானியையும் கொடுத்துவிட்டார்கள். தணிகாசலத்துக்கு அது மெதுவாகத்தான் ஏறியது. ஏற ஏறப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்போ பாயசம் எங்களுக்கு ஏறித்தான் இருக்கா?"

"சேர்ந்த வருஷமே ஏறிடும். எல்லாருக்கும். உள்ள ஊறறது வத்திப் போயிடும். வெளியில இருந்து மருந்து வர வர, மிச்சம் இருக்கறதும் வேலையை நிறுத்திடும். கடைச்சோறு தினம் வீட்டுக்கு வந்துச்சுன்னா அடுப்பு எதுக்கு எரியணும்? ஆனா பார்க்கறதுக்கு ஒண்ணும் தெரியாது. பலம் இருக்கும், குரல் இருக்கும், தாடி வளரும். வீட்டுலயும் எந்தக் குறையும் தெரியாது." கொஞ்சம் நிறுத்தினார். "பிள்ளை மட்டும் நிக்காது."

குளத்தில் ஒரு மீன் துள்ளி விழுந்தது. பஜனைக் கொட்டகையில் யாரோ ஆர்மோனியத்தைச் சரிபார்க்கிற சத்தம் கேட்டது.

"பிள்ளை வரம் வேணும்னு உங்க முன்னால வந்து நின்னேன்" என்றான் தணிகாசலம். "நீங்கதான் இந்தக் கழுத்துல மாலையைப் போட்டீங்க. அடுத்த வருஷம் நீ கையில குழந்தையோட மலைக்கு வருவேன்னு சொன்னீங்க. சொன்னீங்களா இல்லையா?"

"என்ன சொல்லச் சொல்ற? உன் முகத்தைப் பார்த்தா எனக்கு வேற வார்த்தை வரலை."

"நம்ப வெச்சுக் கழுத்தை அறுக்கறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். மாலை போட்டு அறுத்தவரை இப்பத்தான் பார்க்கறேன்."

ஆதிகேசவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. "எனக்குத் தெரிஞ்சப்ப நானும் குதிச்சேன்" என்றார். "ஆலையை மூடினா அத்தனை குடும்பமும் தெருவுல நிக்கும்னாங்க. என்னை மேற்பார்வைக்கு ஏத்திவிட்டாங்க. வாயை மூடிட்டேன். எனக்கு மூணு பிள்ளைங்க, சேர்றதுக்கு முன்னாலயே பிறந்துடுச்சு. அதனால மூட முடிஞ்சுதோ என்னவோ. நீங்க பிளாஸ்திரியைக் கழட்டணும்னு நின்னப்ப மேனேஜர்தான் பயந்தார். நான்தான் சொன்னேன், விரதத்துல சோர்வு வர்றது சகஜம், யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு. தாடியை மட்டும் நாங்க யாரும் நினைக்கலை."

தணிகாசலத்துக்குக் கேட்க வேண்டியது இனி ஒன்றுதான் இருந்தது. அதைக் கேட்கப் பயமாக இருந்தது. இருந்தும் கேட்டான்.

"இப்ப விட்டுட்டா? கம்பெனியையே விட்டுட்டா திரும்பி ஊறுமா?"

"மூணு நாலு வருஷத்துக்குள்ள விட்டா ஊறும்னு கம்பெனி ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லுவாங்க. நிறையப் பேருக்கு ஊறியிருக்கு." அவர் தணிகாசலத்தைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தார். "உனக்குக் காலம் தாண்டிப்போச்சு தம்பி."

அவன் எழுந்தான். அடித்துவிடுவானோ என்று அவனுக்கே தோன்றியது. விரதத்தில் கை ஓங்கக்கூடாது என்ற பழக்கம் கையைப் பிடித்து வைத்தது. மாலையைக் கழற்றி அவர் மேல் எறியலாம் என்றால், அதைக் கழற்ற வேண்டியதும் அதே குருசாமிதான். என்ன கண்றாவி இது.

"எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன்."

"சொல்லு. சொல்லிட்டு அவங்க முகத்தைப் பாரு" என்றார் ஆதிகேசவன். "அப்புறம் வீட்டுக்குப் போய் உன் சம்சாரத்தையும் கேளு. ஊசி எதுக்குப் போட்டுக்கறான்னு கேளு."

பஜனைக் கொட்டகையில் போய்ச் சொன்னான். ஒன்றுவிடாமல் சொன்னான். யாரும் நம்பாமல் இல்லை. நம்பினதுதான் வினை. ஆர்மோனியம் நின்றது. ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்கவில்லை. சின்னையா என்று ஒருத்தனுக்கு ஆடியில்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது. அவன் தலை நிமிரவே இல்லை. அவனைப் பார்த்ததும்தான் தான் சொன்னதில் என்னென்ன இருக்கிறது என்று தணிகாசலத்துக்கு உறைத்தது. "எல்லாருக்கும் அப்படியே ஆகணும்னு இல்லையாம், சிலருக்கு நிக்குமாம்" என்று அவசரமாகச் சேர்த்தான். அப்படி யாரும் அவனிடம் சொல்லவில்லை.

லோகுதான் முதலில் வாயைத் திறந்தான். "சாமி, பொண்ணு வீட்டுக்கு இது தெரிஞ்சா?" என்றான். கேலிக்காரன் முகத்தில் கேலியே இல்லை.

"லோகு, நாம ஒண்ணா போய்க் கேட்டாத்தானே..."

"என்னன்னு கேக்கறது? நாங்க ஆம்பிளை இல்லைன்னு கேட்ல நின்னு கோஷம் போடறதா?"

மத்தியானத்துக்குள் லோகுவும் இன்னும் சிலரும் கம்பெனி கேட்டில் வரிசையில் நின்று பிளாஸ்திரியை மறுபடி ஒட்டிக்கொண்டார்கள். மாட்டெலும்பு யாருக்கும் நினைவில்லை.

தணிகாசலம் வீட்டுக்கு வந்தபோது சுகந்தி பூஜைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவன் வாசலிலேயே நின்று கேட்டான்.

"ஊசி எதுக்குப் போட்டுக்கறே?"

அவள் கை தண்ணீரில் நின்றது. என்ன ஊசி, எந்த ஊசி என்று அவள் கேட்கவில்லை. அதிலேயே அவனுக்கு விடை கிடைத்துவிட்டது.

"யார் சொன்னாங்க?" என்றாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மூணாம் வருஷம்." அரிசியை மூடி வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். "டாக்டரம்மா என்னைத் தனியா உக்கார வெச்சுச் சொன்னாங்க. உன்கிட்ட ஒரு குறையும் இல்லம்மா, அவருக்குத்தான், இதுக்கு வைத்தியமே கிடையாதுன்னாங்க. அவருக்குத் தெரிஞ்சா மனசு விட்டுடுவார், வேலைக்குத் தகுதி இல்லைன்னு எழுதிடுவாங்க, அப்புறம் எந்தக் கேட்டும் திறக்காதுன்னாங்க. என்னை மட்டும் இல்ல. அந்த வார்டுக்கு வர்ற எல்லாப் பொம்பளைங்ககிட்டயும் இதையேதான் சொல்லியிருக்காங்க. நாங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கக்கூட மாட்டோம். பார்த்துட்டுத் திரும்பிக்குவோம்."

"ஊசி?"

"சத்து ஊசி. சும்மா போகணும், வரணும். வைத்தியம் நடக்குதுன்னு உங்க அம்மாவுக்குத் தெரியணுமில்ல?"

ஆதிகேசவன் செய்தது வலித்தது. இது வேறு மாதிரி வலித்தது. ஊரான் குழி பறித்தால் ஒரு வசவாவது வரும். தன் வீட்டு அடுப்படியிலேயே இத்தனை வருஷம் ஒரு ரகசியம் வெந்துகொண்டிருந்ததற்கு எந்த வசவும் வரவில்லை.

"நீயுமாடி?" என்றான். "தினம் என் பக்கத்துலதானே படுத்திருந்தே. ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா? எல்லாரும் சேர்ந்து என்னைப் பொம்மை மாதிரி ஆட்டியிருக்கீங்க."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" சுகந்தி குரலை உயர்த்தவில்லை. "உங்க அம்மா என்னைக் காய்க்காத மரம்னு சொல்லும்போதெல்லாம் போனைக் கையில வெச்சுக்கிட்டு 'சரிம்மா, சரிம்மா'ன்னு கேட்டுட்டு இருந்தீங்க. என் மேல குறைன்னு நினைச்சுக்கிட்டே கேட்டீங்க. ஒருநாள், ஒரே ஒருநாள், அப்படிச் சொல்லாதேம்மான்னு சொல்லியிருந்தீங்கன்னா, அன்னிக்கே நான் எல்லாத்தையும் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவை போன் வரும்போதும் இன்னிக்குச் சொல்லுவார்னு அடுப்படியில நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

தணிகாசலத்தின் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் வந்து நின்றது. மூன்றாம் வருஷம் நீ சொல்லியிருந்தால் நான் வேலையை விட்டிருப்பேன், விட்டிருந்தால் ஊறியிருக்கும், நமக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்திருக்கும். வைத்தியமே இல்லை என்று உன்னிடம் சொன்னது பொய். சொன்னால் அவள் அந்த இடத்திலேயே விழுந்துவிடுவாள். விழட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அவன் மனசு அந்த நிமிஷத்தில் அவ்வளவு கெட்டிருந்தது.

அவள் முந்தானையை இன்னும் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியில் அரிசிக் கழுநீர் தெறித்திருந்தது. அவன் அந்த வாக்கியத்தை விழுங்கினான். இனிமேல் அது அவனோடேயே இருக்க வேண்டியதுதான்.

போனை எடுத்து ஊருக்குப் போட்டான். ஸ்பீக்கரை அழுத்தி, அவள் பக்கமாகவே நீட்டிப் பிடித்துக்கொண்டான்.

"என்னப்பா, பூஜை நேரத்துல?" என்றாள் அம்மா.

"அம்மா, ஒண்ணு சொல்றேன், குறுக்கே பேசாம கேளு. சுகந்திகிட்ட எந்தக் குறையும் இல்ல. எனக்குத்தான். கம்பெனியில உடம்பு கெட்டுப்போச்சு. பிள்ளை நிக்காதது என்னாலதான். அவளை நீ பேசினது எல்லாம் தப்பு. நான் கேட்டுட்டு இருந்தது அதைவிடத் தப்பு."

அந்தப் பக்கம் கோழி ஒன்று கொக்கரிப்பது மட்டும் கேட்டது. பிறகு அம்மா மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாள் என்று தெரிந்ததும் தணிகாசலத்துக்கும் கண் நிறைந்தது. சுகந்தி அசையாமல் நின்றாள்.

"எனக்குத் தெரியாதாடா உன்னை" என்றாள் அம்மா தழுதழுத்து. "சின்ன வயசுலயும் இப்படித்தான். யார் தப்பு பண்ணாலும் நான்தான்னு வந்து முன்னால நிப்பே. பொண்டாட்டிக்குப் பேர் கெடக்கூடாதுன்னு உன் தலையில ஏத்துக்கறே பாரு, எந்த ஆம்பிளைடா இப்படிச் சொல்லுவான்? மாலை போட்ட வாயால பொய் சொல்ற, பரவாயில்ல, சாமி புண்ணியமாத்தான் எடுத்துக்குவார். நான் இனிமே அவளை ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா அந்த மலடிக்கிட்ட இதை மட்டும் சொல்லு. உன்னை மாதிரி ஒருத்தன் கிடைக்க அவ கொடுத்து வெச்சிருக்கணும்."

"கேட்டுட்டேன், அத்தை" என்றாள் சுகந்தி.